தொடர்ப்பட ராணி பேர்ள் வைற்

ஆற்றங்கரையை அடுத்துச் செங்குத்தாக எழுந்து நிற்கிறது ஒரு பாறைச்சுவர். அதற்கு மேலே, கட்டறுந்த பலூன் ஒன்று காற்றின் போக்கிலே அலைகிறது. பலூனின் கூடைக்குள்ளே தன்னந்தனியாக ஒரு பெண். அவள் கூக்குரலிடவுமில்லை, கண்ணைப் பொத்திக்கொண்டு குந்தியிருக்கவுமில்லை. கூடையிலே கிடந்த நங்கூரத்தைத் தூக்கி வெளியே எறிகிறாள். அது பாறையிலே கொளுவிக்கொள்கிறது. கயிற்றைப் பற்றியவாறு மெல்ல மெல்ல இறங்கி, கால் வைப்பதற்கும் இடம் போதாத ஒரு விளிம்பை அடைகிறாள். கீழே பாதாளம், மேலே வெறும் வானம்.

1914ஆம் ஆண்டு அமெரிக்காவிலே வெளிவந்த ‘பொலினின் அபாயங்கள்’ என்னும் பேசாப் படத்திலே வரும் காட்சி இது. அந்தப் பெண்ணாக நடித்தவர் பேர்ள் வைற். முதலாம் உலக யுத்த காலத்திலே, சார்ளி சப்ளினுக்கும் மேரி பிக்போர்ட்டுக்கும் நிகராக உலகின் பல மூலைகளிலும் அறியப்பட்ட பெயர் அவருடையது. இன்று அப்பெயரைச் சொன்னால் விழிப்பவர்களே அதிகம். ஆனால், வாரந்தோறும் ஒரு பகுதியாக வெளிவந்து, ஆபத்தின் உச்சியிலே கதையை அறுத்து, அடுத்த வாரம் வரை நம்மைத் தவிக்கவிட்ட அந்தப் பழைய தொடர்ப்படங்களைப் பார்த்து மகிழ்ந்தவர்கள் இன்னும் சிலர் நம்மிடையே உளர். அவர்களுள் நானும் ஒருவன். அந்த மகிழ்ச்சியின் ஊற்றுக்கண்ணைத் தேடிச் சென்றபோதுதான் இந்த அம்மையாரின் வாழ்க்கையை அறிந்துகொண்டேன். அதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பேர்ள் வைற் 1889ஆம் ஆண்டு மார்ச் 4ஆம் திகதி, மிசூரி மாநிலத்திலுள்ள கிறீன் ரிட்ஜ் என்னும் சிற்றூரிலே பிறந்தார். தந்தையார் கமக்காரர். தாயார் இவர் சிறு குழந்தையாக இருந்தபோதே காலமாகிவிட்டார். குடும்பம் பின்னர் அதே மாநிலத்து ஸ்பிறிங்பீல்ட் நகரத்துக்குக் குடிபெயர்ந்தது. அங்கே ஒரு நாடகக் கொட்டகை இருந்தது. அதன் வாசலை மிதித்த பின்னர் பாடசாலை வாசல் சிறுமிக்குக் கசந்துவிட்டது. படிப்பை இடையிலே நிறுத்திவிட்டு மேடையேறினார். தந்தையார் தடுத்தார். பதினெட்டு வயது வரை காத்திருந்த மகள், ஊர் ஊராகச் சென்று நாடகம் போடும் ஒரு குழுவோடு புறப்பட்டுவிட்டார். அதே 1907ஆம் ஆண்டிலே, உடன் நடித்த விக்டர் சதர்லண்ட் என்பவரை மணந்தார். அந்த மணவாழ்க்கை நீடிக்கவில்லை.

1919ஆம் ஆண்டிலே பேர்ள் வைற் தம் வாழ்க்கை வரலாற்றைத் தாமே ஒரு நூலாக எழுதி வெளியிட்டார். சர்க்கஸ் கூடாரத்திலே குதிரைமீது நின்று சவாரி செய்தது முதலாகப் பல வியப்பான செய்திகள் அதிலே உள. தொடர்ப்படத்திலே நடித்து நடித்து, தம் வாழ்க்கையையும் ஒரு தொடர்ப்படமாகவே எழுதிவிட்டார் என்று எண்ணத் தோன்றுகிறது. ஆகவே அந்நூலை நான் முற்றாக நம்புவதில்லை. வேறு வழியாலும் உறுதிப்படும் செய்திகளையே இங்கு எடுத்துக்கொள்கிறேன்.

நாடகக் குழுக்களின் வாழ்க்கை கடுமையானது. இரவுதோறும் கொட்டகையின் கடைசி வாங்கு வரை எட்டும்படி குரலெழுப்ப வேண்டும். ஒலிபெருக்கி கிடையாத காலம். சில ஆண்டுகளில் அவருடைய குரல் தேய்ந்துவிட்டது. குரல் போன நடிகைக்கு மேடையிலே இடமில்லை. ஆனால், குரலே வேண்டாத ஒரு கலை அப்போதுதான் தளிர்விட்டுக்கொண்டிருந்தது. 1910ஆம் ஆண்டிலே நியூ யோர்க்கிலிருந்த பவர்ஸ் படக் கம்பனியிலே சேர்ந்தார். பின்னர் லூபின், பத்தே, கிறிஸ்டல் எனக் கம்பனிகள் மாறின. கிறிஸ்டலிலே அவர் நடித்தவை பெரும்பாலும் குட்டி நகைச்சுவைப் படங்கள். விழுவதும், எழுவதும், ஓடுவதும், அடிபடுவதுமே அவற்றில் நடிப்பு. உடம்பைக் கொண்டு கதை சொல்லும் வித்தையை அவர் அங்கேதான் பழகினார் என்பது என் எண்ணம்.

தொடர்ப்படம் என்ற வடிவம் பேர்ள் வைற்றோடு தோன்றியதன்று. பத்திரிகையின் மடியிலே பிறந்த குழந்தை அது. நம் வாசகருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் வெளிவந்த காலத்திலே, தபாற்காரனை வழிமறித்துச் சஞ்சிகை வாங்கிய தலைமுறை நம்முடையது. தொடரும் என்ற ஒரு சொல்லுக்கு எத்துணை வலிமை உண்டென்பதை நாம் அறிவோம். அமெரிக்காவிலே 1912ஆம் ஆண்டில், எடிசன் கம்பனி ஒரு மாதர் சஞ்சிகையோடு கூட்டுச் சேர்ந்து, மேரி என்னும் பெண்ணின் கதையை மாதம் ஒரு பகுதியாகப் பன்னிரண்டு பகுதிகளில் எடுத்தது. சஞ்சிகையிலே கதை, கொட்டகையிலே படம். ஒன்று மற்றொன்றுக்கு விளம்பரம். அடுத்து 1913இன் இறுதியிலே சிக்காகோ நகரத்து நாளிதழ் ஒன்றின் துணையோடு ‘கத்லினின் சாகசங்கள்’ வந்தது. கதை நிகழுமிடம் இந்தியா. படத்தயாரிப்பாளர் செலிக் என்பவர் சொந்தமாக ஒரு மிருகக்காட்சிச்சாலையே வைத்திருந்தவர். ஆகையால் அந்த இந்தியாவிலே நாயகி திரும்பிய திசையெல்லாம் சிங்கம் உலாவியது!

இந்தப் போட்டியைக் கண்ட பத்தே கம்பனி வாளாவிருக்கவில்லை. பிரான்சிலே தோன்றி அமெரிக்காவிலும் கிளை பரப்பிய இக்கம்பனிக்குச் சேவற்கோழி இலச்சினை. பத்திரிகைப் பேரரசர் ஹேர்ஸ்ற்றோடு அது உடன்படிக்கை செய்துகொண்டது. நாடகாசிரியர் சார்ள்ஸ் கொடார்ட் கதை அமைத்தார். லூயி கஸ்னியே என்னும் பிரெஞ்சுக்காரரும் டொனால்ட் மக்கென்சியும் இயக்கினர். நாயகியாகத் தெரிவு செய்யப்பட்டவர் இருபத்தைந்து வயதுப் பேர்ள் வைற். 1914 மார்ச்சில் தொடங்கி இருபது பகுதிகளாக ‘பொலினின் அபாயங்கள்’ வெளிவந்தது. கதை அதே காலத்திலே ஹேர்ஸ்ற்றின் பத்திரிகைகளிலும் அச்சாகியது.

கதை எளியது. பொலின் ஒரு செல்வந்தரின் வளர்ப்பு மகள். அவர் மகன் ஹரி அவளை மணக்க விரும்புகிறான். அவளுக்கும் அவன்மேல் விருப்பமே. ஆனால், மணம் முடிப்பதற்கு முன்னர் ஓராண்டு காலம் உலகத்தைக் கண்டு, அனுபவம் பெற்று, எழுத்தாளராக வேண்டும் என்கிறாள். செல்வந்தர் இறக்கிறார். அவள் மணமாகும் வரை சொத்து அவருடைய காரியதரிசியின் பொறுப்பில் இருக்கிறது. அவளைத் தீர்த்துவிட்டால் சொத்து தனக்கே என்று அவன் கணக்குப் போடுகிறான். வானூர்தி, கப்பல், குதிரைப் பந்தயம், எரியும் வீடு என்று அவள் அனுபவம் தேடிப் போகும் இடந்தோறும் அவன் விரித்த வலை காத்திருக்கிறது. காதலனாகக் கிறேன் வில்பரும் வஞ்சகனாகப் போல் பான்சரும் நடித்தனர். இலக்கிய நேயர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இவ்வளவு ஆபத்துக்கும் காரணம் அந்தப் பெண்ணின் எழுத்தார்வம். எழுதுவதற்கு முதலில் வாழ்ந்து பார்க்க வேண்டும் என்ற எண்ணம். மலிவான கேளிக்கை என்று அறிஞர் ஒதுக்கிய ஒரு படத்தின் கருவிலே இப்படியொரு விதை கிடந்தது.

பாறை விளிம்பிலே நின்றவளை முதலிற் குறிப்பிட்டேன். அந்த இடத்திலே திரை இருண்டு, மிகுதியை அடுத்த வாரம் காண்க என்று எழுத்து வந்திருக்கும் என்றே எவரும் எண்ணுவர். நானும் அவ்வாறே எதிர்பார்த்தேன். ஆனால், அதே பகுதியிலேயே காதலன் வந்து கயிறு போட்டு மீட்டுவிடுகிறான். ‘பொலினின் அபாயங்கள்’ தொடரிலே ஒவ்வொரு பகுதியும் பெரும்பாலும் தன்னளவில் முடிந்துவிடும் கதையே. மலைவிளிம்பிலே தொங்குவது என்று ஆங்கிலேயர் பெயரிட்டழைக்கும் அந்த முடிவு, உயிர் போகுமோ நிற்குமோ என்ற கட்டத்திலே கதையை அறுக்கும் தந்திரம், இதற்குப் பின்னர் வந்த தொடர்களிலேதான் சட்டமாக நிலைத்தது. நியூ யோர்க்குக்கு எதிர்க்கரையிலே ஹட்சன் ஆற்றை ஒட்டி நிற்கும் பலிசேட்ஸ் பாறைகளின்மேல் இத்தகைய காட்சிகள் பல எடுக்கப்பட்டன. பேர்ள் வைற்றின் தொடர்கள் அமெரிக்காவின் கீழ்க்கரையிலே, நியூ யோர்க், நியூ ஜேர்சிப் பகுதிகளில் உருவானவை. ஹொலிவூட்டுக்கும் அவருடைய புகழுக்கும் தொடர்பில்லை.

1914 டிசம்பரிலே தொடங்கிய ‘எலெய்னின் சாகசங்கள்’ முதற்றொடரையும் விஞ்சிவிட்டது. நியூ யோர்க் மாநிலத்து இதாக்கா நகரிலே வார்ட்டன் சகோதரர்கள் தயாரித்தது. எழுத்தாளர் ஆதர் றீவ் படைத்த கிரெய்க் கெனடி என்னும் விஞ்ஞானத் துப்பறிவாளன் இதில் வருகிறான். முகத்தை மூடிய வஞ்சகன் ஒருவன். பற்றிக்கொள்ளும் கை என்பது அவன் பெயர். அவன் யார் என்பதே வாரக்கணக்கான புதிர். இறந்தவளை மின்சாரத்தால் உயிர்ப்பிப்பது போன்ற விந்தைகளுக்கும் குறைவில்லை. பதினான்கு பகுதிகள் முடிந்ததும் மக்கள் மேலும் கேட்டனர். 1915இலே இரண்டு தொடர்கள் அதன் வாலாக நீண்டன. பின்னர் ‘இரும்பு நகம்’, ‘படையின் பேர்ள்’, ‘கொலை மோதிரம்’, ‘வெறுப்பின் வீடு’, ‘மின்னல் கொள்ளைக்காரி’, ‘கரிய இரகசியம்’ என ஆண்டுதோறும் தொடர்ந்தன. இவற்றையெல்லாம் தனித்தனியே விரிக்க வேண்டியதில்லை. ஒன்றைக் கண்டவர் மற்றதையும் ஊகித்துவிடலாம்.

பிரான்சிலே எலெய்ன் கதைகள் மூன்றும் ஒன்றாக்கப்பட்டு, ‘நியூ யோர்க்கின் மர்மங்கள்’ என்ற பெயரோடு 1915இன் இறுதியிலிருந்து காட்டப்பட்டன. பியேர் டெகூர்செல் என்பவர் அதை நாவலாக்கி ஒரு பாரிஸ் நாளிதழிலே தொடராக வெளியிட்டார். யுத்தம் நடந்துகொண்டிருந்தது. பதுங்குகுழியிலிருந்து விடுமுறையிலே வந்த போர்வீரர்களும் வீட்டிலே காத்திருந்த பெண்களும் ஒரே கொட்டகையில் அமர்ந்து அதைப் பார்த்தார்கள். சாவு வாரந்தோறும் வந்து, வாரந்தோறும் தோற்றுப்போவதைக் காண்பது அவர்களுக்கு எத்தகைய ஆறுதலாக இருந்திருக்கும்! பிற்காலத்திலே பிரெஞ்சுக் கவிதையின் போக்கையே மாற்றிய இளைஞர்களான லூயி அரகோனும் பிலிப் சூப்போவும் அந்தக் கூட்டத்திலே இருந்தார்கள். பண்டிதர்கள் முகஞ்சுழித்த படத்திலே தம் தலைமுறையின் புதுமையை அவர்கள் கண்டார்கள். பேர்ள் வைற்றைப் பற்றி வியந்தும் எழுதினார்கள்.

நான் பார்த்தவை இவையல்ல, இவற்றின் பேரப்பிள்ளைகள். 1930களுக்குப் பின்னர் பேசும்படமாக வந்தவை. 1936இலே வந்த ‘பிளாஷ் கோர்டன்’ அவற்றுள் புகழ்பெற்றது. பாடசாலைப் பருவத்திலே, நகரத்துப் படமாளிகையிலே, நாலைந்து பகுதிகளை ஒன்றாகச் சேர்த்து ஓட்டுவார்கள். எங்கள் தகப்பன்மார் எட்டிப் போலோ என்று ஓயாமற் சொல்லுவார்கள். பேசாப் படக் காலத்துத் தமிழ்நாட்டைப் பற்றி எழுதுவோரும் அந்தச் சர்க்கஸ் வீரரின் பெயரை மறப்பதில்லை. எங்களுக்கோ ஆகாயக் கப்பல். கார் ஒன்று மலையிலிருந்து உருண்டு தீப்பற்றும். நாயகன் உள்ளே இருந்ததை எங்கள் கண்ணாலேயே கண்டோம். ஆனால், அடுத்த பகுதி தொடங்கும்போது, கார் உருளுவதற்கு முன்னரே அவன் கதவைத் திறந்து குதிப்பதாகக் காட்டுவார்கள். சென்ற முறை இல்லாத காட்சி இப்போது எங்கிருந்து வந்தது? இது களவு என்று நாங்கள் வாங்கிலே கூச்சலிட்டோம். கூச்சலிட்ட அதே வாயால் மறுமுறை எப்போது என்றும் விசாரித்தோம். ஏமாற்றுகிறார்கள் என்று தெரிந்தும் விரும்பி ஏமாந்த அந்த வயது இனி வாராது.

அந்தப் பேரப்பிள்ளைகளுக்கும் பாட்டியாருக்கும் ஒரு வேறுபாடு உண்டு. நான் கண்ட தொடர்களிலே சாகசம் செய்பவன் ஆண். பெண் கட்டப்பட்டுக் கிடப்பாள், மீட்கப்படுவாள். 1942இலே வந்த ‘நியோக்காவின் அபாயங்கள்’ போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. ஆனால் அவை சில மட்டுமே. பேர்ள் வைற்றின் காலத்திலோ தொடர்ப்படமென்றாலே நாயகியின் படம். ஹெலன் ஹோம்ஸ் புகையிரதத்தின்மீது ஓடினார். ரூத் ரோலண்ட் குதிரையிலே பாய்ந்தார். நூற்றுப் பத்தொன்பது பகுதிகள் ஓடிய ‘ஹெலனின் இடர்கள்’ தொடர், தந்தி நிலையத்திலே தொழில் பார்க்கும் ஒரு பெண்ணின் கதை. அமெரிக்கப் பெண்கள் நாடு முழுவதும் வாக்குரிமை பெற்றது 1920இலே என்பதை எண்ணிப் பார்த்தால், இந்தக் கேளிக்கைகளின் மறுபக்கம் புலப்படும்.

ஆயினும் அந்தச் சாகசங்களுக்கு விலை கொடுத்தது ஓர் உண்மையான உடம்பு. ‘பொலினின் அபாயங்கள்’ எடுக்கும்போது, பேர்ள் வைற்றைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறிய நடிகர் கால் இடறிவிட்டார். இருவரும் படிகளிலே உருண்டார்கள். முள்ளந்தண்டிலே பட்ட காயம் அவருடைய ஆயுள் முழுவதும் ஆறவில்லை. பாறையிலே இறங்கியபோதல்ல, பலூனிலே பறந்தபோதுமல்ல. எந்த வீட்டிலும் உள்ள படிக்கட்டிலே நேர்ந்த விபத்து இது. வலியை மறக்க மருந்தும் மதுவும் துணையாயின. அந்தத் துணைகள் பின்னர் எசமானர்களாயின.

அவருடைய இயற்கையான கூந்தல் செம்மை கலந்தது. படங்களிலே அவர் அணிந்தது பொன்னிறப் பொய்முடி. அதைக் கழற்றிவிட்டால் நியூ யோர்க் வீதியிலே எவரும் அறியாமல் உலாவலாம் என்பது அவருக்கு வாய்ப்பாயிற்று. வேறொரு வசதியும் அதனால் விளைந்தது. அந்த முடியை வேறு எவர் அணிந்தாலும், தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு அவர் பேர்ள் வைற்றே. தொடக்க காலத்திலே அவர் தாமே பல ஆபத்தான காரியங்களைச் செய்தார் என்பதில் ஐயமில்லை. முதுகுவலி முற்ற முற்ற, கடினமான கட்டங்களிலே மாற்றாள்கள் தோன்றினர். விளம்பரங்கள் மாத்திரம் மாறவில்லை. எல்லாவற்றையும் அம்மையாரே செய்கிறார் என்ற பழைய பல்லவியையே அவை பாடின. அந்தப் பல்லவியிலேதான் கம்பனியின் முதலீடு முழுவதும் தங்கியிருந்தது.

1919ஆம் ஆண்டிலே வாலஸ் மக்கச்சன் என்னும் நடிகரை மறுமணம் செய்தார். யுத்தகளத்திலிருந்து மீண்டவர் அவர். 1921இலே அதுவும் முறிந்தது. இதற்கிடையிலே தொடர்ப்படங்களை விட்டு, பொக்ஸ் கம்பனியின் முழுநீளப் படங்களிலே நடிக்க முயன்றார். ஆழமான நடிகை என்று பெயரெடுக்கும் விருப்பம் இருந்திருக்க வேண்டும். மக்கள் அவரை வரவேற்பறையிலே அமர்ந்து பேசும் சீமாட்டியாகக் காண விரும்பவில்லை. 1922இலே மீண்டும் பத்தேக்குத் திரும்பி, ‘கொள்ளை’ என்னும் தொடரிலே ஒப்பந்தமானார். இயக்குநர் அவருடைய பழைய கூட்டாளி ஜோர்ஜ் சைற்ஸ்.

1922 ஓகஸ்ட் 10ஆம் திகதி. நியூ யோர்க் நகரத்திலே, எழுபத்திரண்டாம் வீதியும் கொலம்பஸ் பெருந்தெருவும் சந்திக்கும் இடம். தெருவுக்கு மேலே தூண்களில் நிறுத்திய பாதையிலே புகையிரதம் ஓடும். ஓடும் பஸ்ஸின் கூரையிலிருந்து பாய்ந்து, அந்தப் பாதையைத் தாங்கும் இரும்புச் சட்டத்தைப் பற்றித் தொங்க வேண்டும். இது நாயகி செய்ய வேண்டிய செயல். பஸ்ஸின் மேலே பொன்னிறக் கூந்தலோடு பெண்ணுடையிலே ஓர் உருவம் நின்றது. பாய்ந்தது. கை தவறியது. தெருவிலே விழுந்து மண்டை உடைந்து இறந்தவர் ஜோன் ஸ்டீவன்சன் என்னும் ஆண்மகன்.

மறுநாட் பத்திரிகைகள் இச்செய்தியை வெளியிட்டன. எட்டு ஆண்டுகளாக மூடிவைத்த இரகசியம் இவ்வாறு தெருவிலே சிந்தியது. அன்று பலர் வருந்தியது, தம் நாயகி தம்மை ஏமாற்றிவிட்டாரே என்பதற்காக. எனக்கு அந்த வருத்தம் புரிகிறது. ஆயினும் ஒப்புக்கொள்ள முடியவில்லை. முள்ளந்தண்டு நொந்த ஒரு பெண், முப்பத்து மூன்று வயதிலே, பஸ்ஸின் மேலிருந்து பாயவில்லை என்பதா குற்றம்? குற்றம் எங்கே இருக்கிறதென்றால், பாய்ந்தவனுக்குப் பெயர் கொடுக்க மறுத்த விளம்பரத்திலே இருக்கிறது. ஸ்டீவன்சனின் பெயர் திரையிலே ஒருபோதும் காட்டப்படாது. அவர் கைநழுவாமல் அந்தச் சட்டத்தைப் பிடித்திருந்தால் உலகம் அவரை அறிந்தே இராது. செத்ததனாலேயே அவர் பெயர் எஞ்சியது. ‘கொள்ளை’ 1923இலே பதினைந்து பகுதிகளாக வெளிவந்தது. அமெரிக்காவிலே பேர்ள் வைற் நடித்த கடைசித் தொடர் அதுவே.

அவர் பிரான்சுக்குச் சென்றார். 1924இலே அங்கே எடுத்த ஒரு படத்தோடு திரையை விட்டே விலகினார். வயது முப்பத்தைந்து. பாரிஸ், லண்டன் மேடைகளிலே சிலகாலம் தோன்றினார். அவர் காலத்து நட்சத்திரங்கள் பலர் ஈட்டியதை இறைத்துவிட்டு வறுமையிலே மாண்டார்கள். பேர்ள் வைற் அப்படியல்லர். பணத்தைப் பேணத் தெரிந்தவர். பந்தயக் குதிரைகள் வளர்த்தார். கேளிக்கை விடுதியிலும் ஹோட்டலிலும் முதலிட்டார். கிரேக்க வர்த்தகர் தியோடோர் கொசிக்கா என்பவரின் துணையோடு எகிப்துவரை பயணம் செய்தார். 1927இலே படங்கள் பேசத் தொடங்கின. குரலை இழந்ததனாற் படத்துக்கு வந்தவர், படத்துக்குக் குரல் வருமுன்னரே வெளியேறிவிட்டார். முதுகுவலி மாத்திரம் கடல் கடந்து கூடவே சென்றது. 1938 ஓகஸ்ட் 4ஆம் திகதி, பாரிஸை அடுத்த நியூயியில் உள்ள அமெரிக்க வைத்தியசாலையிலே, ஈரல் நோயினால் இறந்தார். வயது நாற்பத்தொன்பது. பாரிஸின் பாஸி மயானத்திலே அடக்கம் செய்யப்பட்டார்.

இறந்த பின்னர் நேர்ந்த அநீதி ஒன்றையும் சொல்ல வேண்டும். பழைய தொடர்ப்படம் என்றதும் பலர் மனக்கண்ணிலே தோன்றுவது தண்டவாளத்திலே கட்டப்பட்ட பெண். அவளைப் பொலின் என்றே சொல்லிவிடுகிறார்கள். எஞ்சியிருக்கும் பொலின் படப்பகுதிகளிலே அப்படி ஒரு காட்சியே இல்லை. தண்டவாளக் கட்டு 1867ஆம் ஆண்டின் அமெரிக்க மேடை நாடகமொன்றிலே புகழ்பெற்றது. அதில் கட்டுண்டவன் ஓர் ஆண், கோடரியால் கதவை உடைத்து வந்து அவனை மீட்டவள் பெண்! 1913இலே ஒரு கோமாளிப் படத்திலே அந்தக் கட்டைப் பரிகாசமாகக் காட்டினார்கள். அந்தப் பரிகாசமே பின்னர் வரலாறாகிவிட்டது. 1947இலே ஹொலிவூட் பேர்ள் வைற்றின் வாழ்க்கையை ஆட்டபாட்டத்தோடு வண்ணப் படமாக எடுத்தது. பெற்றி ஹற்றன் நடித்தார். பழைய வஞ்சகனான போல் பான்சரும் ஒரு சிறு வேடத்திலே தலைகாட்டினார். இனிய படந்தான். ஆனால் அதிலே பேர்ள் வைற் இல்லை.

அவருடைய உண்மையான வாரிசுகளைக் கிழக்கே தேட வேண்டும். பம்பாயிலே அமெரிக்கத் தொடர்ப்படங்களைப் பார்த்து வளர்ந்த வாடியா சகோதரர்கள், 1935இலே ‘ஹண்டர்வாலி’ எடுத்தார்கள். அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரிலே பிறந்த நாடியா அதிலே சவுக்கைச் சுழற்றினார். 1937இலே ‘மின்னல்கொடி’ என்னும் தமிழ்ப் படத்திலே கே. ரி. ருக்மிணி கொள்ளைக்காரியாகிக் குதிரையேறினார். புராணப் படங்களின் நடுவே அது ஒரு புதுமை. நாடியா 1996 வரை வாழ்ந்து, தம் பழைய படங்கள் மீண்டும் போற்றப்படுவதைக் கண்ணாற் கண்டார். பேர்ள் வைற்றுக்கு அந்தக் கொடுப்பினை கிட்டவில்லை.

‘பொலினின் அபாயங்கள்’ இருபது பகுதிகளாக இன்று இல்லை. ஐரோப்பாவுக்கென்று சுருக்கிய ஒன்பது பகுதிகளே பிழைத்துள. அவற்றின் எழுத்து அட்டைகள் பிரெஞ்சுக்குப் போய் மீண்டும் ஆங்கிலத்துக்கு வந்தவை. எழுத்துப் பிழைகள் மலிந்தவை. 2008இலே அமெரிக்க அரசு அதைத் தன் தேசியப் படப் பதிவேட்டிலே சேர்த்தது. எலெய்ன் 1994இலேயே இடம்பெற்றுவிட்டது. இணையத்திலே இப்போது எவரும் பார்க்கலாம். அடுத்த வாரம் வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒரே மாலையிலே ஒன்பதையும் பார்த்து முடித்தேன். அண்மைக் காட்சிகளிலே அந்த முகம் சிரிக்கும். முகவாய் சற்றே நிமிர்ந்திருக்கும். பயத்தை விட ஆவலே கண்ணிலே மிகுந்திருக்கும். அது பேர்ள் வைற். கமெரா பின்வாங்கி, பொன்னிறக் கூந்தல் ஒரு புள்ளியாகிக் கயிற்றிலே இறங்கும்போது, ஒவ்வொரு முறையும் படத்தை நிறுத்தி உற்றுப் பார்க்கிறேன்.